பிள்ளையை நிறுத்தாதீர்கள், சேட்டையை நிறுத்துங்கள்



தோட்டத்துப் பெண்பிள்ளை ஒருத்தி படிப்பை இடையில் விட்டால் அதற்குக் காரணம் வறுமை என்று எல்லோரும் சொல்கிறோம். பல வீடுகளில் அது உண்மைதான். ஆனால் பாடசாலையில் வரவு இடாப்பு எழுதும் ஆசிரியர்களுக்கும், அந்தப் பிள்ளையோடு தினமும் நடந்து வந்த கூட்டாளிகளுக்கும் இன்னொரு காரணமும் தெரியும். அதை யாரும் இடாப்பில் எழுதுவதில்லை. அந்தக் காரணம் அவள் வந்து போகும் வழி. லயத்திலிருந்து சந்திக்கு வரும் ரோடு, சந்தியிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ், வகுப்பு முடிந்து திரும்பும்போது விழுந்துவிடும் இருட்டு.

முதலில் மாலை வகுப்பு நிற்கும். அடுத்து சனிக்கிழமை வகுப்பு நிற்கும். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும், "படிச்சது போதும் புள்ள, வீட்டோட இரு" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால், உடம்புக்கு முடியவில்லை, பஸ்ஸுக்குக் காசு இல்லை என்று பதில் வரும். சந்தியில் நின்ற நாலு பேர் செய்த சேட்டையால்தான் படிப்பு நின்றது என்று தாய் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்ற பயம். சேட்டை செய்தவனின் பெயர் கெடுவதில்லை. அவன் மறுநாளும் அதே சந்தியில் நிற்கிறான். அடுத்த லயத்துப் பிள்ளை வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

பெண்களுக்கு ஆறுதல் சொல்வதற்காக மட்டும் இந்தத் தலையங்கம் எழுதப்படவில்லை. வழியில் நம் பெண்களுக்கு நடக்கும் தொந்தரவு சங்கத்தின் வேலை என்பதே இதன் செய்தி. சம்பளம், வீடு, காணி, சேமலாப நிதி ஆகியவற்றை எப்படிச் சங்கம் கையில் எடுக்கிறதோ அப்படியே இதையும் எடுக்க வேண்டும்.

வழியில் நடப்பது என்ன?

வீட்டிலிருந்து தார் ரோட்டுக்கு வர ஒரு மைல், இரண்டு மைல் நடக்க வேண்டிய டிவிசன்கள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. இரண்டு பக்கமும் தேயிலை. சில இடங்களில் ஆள் உயரத்துக்குக் காடு வளர்ந்து கிடக்கும். விளக்கு இல்லை. மழைக் காலத்தில் மாலை 5.30 மணிக்கே மூடுபனி இறங்கி ரோடு மறைந்துவிடும். இந்த வழியில்தான் பாடசாலைப் பிள்ளை நடக்கிறாள். டவுன் கடையில் வேலை செய்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் இறங்கும் தங்கச்சி நடக்கிறாள். கிளினிக்குக்குப் போய் வரும் கர்ப்பிணிப் பெண் நடக்கிறாள். கொழும்பிலும் கட்டுநாயக்கவிலும் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு வீடு வரும் பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு இதே வழியில்தான் நடக்கிறார்கள்.

பாலத்துக் கட்டில் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் விசில் அடிப்பான். ஒருவன் உடம்பைப் பற்றி ஏதாவது சொல்வான். மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒருவன் போன் நம்பர் கேட்பான். கொடுக்காவிட்டால் பின்னாலேயே வருவான். ஓட்டோவைக் குறுக்கே நிறுத்தி வழிமறிப்பவர்கள் உண்டு. கேட்காமல் கையடக்கத் தொலைபேசியில் படம் பிடித்துக் கூட்டாளிகளுக்கு அனுப்புபவர்கள் உண்டு. பீலியில் குளிக்கும் பெண்களை மேட்டிலிருந்து படம் எடுப்பவர்களும் உண்டு. பஸ்ஸில் நெரிசலைச் சாட்டாக வைத்து உரசுவதும், ஏற்றி விடுகிறேன் என்று முதுகில் கை வைப்பதும் தினமும் நடக்கின்றன. மலைக்குப் போனாலும் இது விடுவதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் இரட்டை அர்த்தப் பேச்சு, எதிர்த்துப் பேசியவளின் கொழுந்தில் அதிகக் கழிவு என்று அங்கும் தொடர்கிறது.

"ஒழுங்காக உடுத்திப் போனால் ஏன் இப்படி நடக்கிறது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைச் சீருடையும் கழுத்துப் பட்டியுமாகப் போகும் பாடசாலைப் பிள்ளைக்கும் இது நடக்கிறது. இடுப்பில் படங்கு கட்டி, தலையில் துணி போட்டுக் கொழுந்து எடுத்துவிட்டு வரும் ஐம்பது வயது அம்மாவுக்கும் நடக்கிறது. இவர்களில் யாருடைய உடுப்பில் குறை இருக்கிறது? உடுப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு செய்தவனை விட்டுவிட்டு, செய்யப்பட்டவள் பக்கம் திரும்பிவிடுகிறது. அந்தக் கேள்வியால் வேறு ஒரு பயனும் இல்லை.

"சும்மா பகிடிக்குச் செய்தது" என்பது அடுத்த சமாதானம். பகிடி என்றால் இரண்டு பேரும் சிரிக்க வேண்டும். ஒருவர் தலையைக் குனிந்து வேகமாக நடந்து தப்பிப் போனால் அதற்குப் பெயர் பகிடி அல்ல.

நூற்றில் 90, நூற்றில் 4

இது தோட்டத்தில் மட்டும் நடப்பதல்ல. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் நாடு முழுவதும் நடத்திய ஓர் ஆய்வில், பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு முறையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகக் கூறிய பெண்கள் 90 வீதம். அப்படி ஆளானவர்களில் பொலிஸ் உதவியை நாடியவர்கள் 4 வீதம் மட்டுமே.

மற்றவர்கள் ஏன் போகவில்லை என்பது நம் பெண்களைக் கேட்டால் தெரியும். பஸ்ஸில் செய்தவன் யார் என்று தெரியாது. சாட்சி சொல்ல ஆள் வராது. பொலிஸ் நிலையத்தில் என்ன மொழியில் பேசுவது என்ற தயக்கம். ஒரு நாள் வேலையை விட்டுப் போனால் அந்த நாள் சம்பளம் போய்விடும். செய்தவன் அதே தோட்டத்தவன் என்றால் இரண்டு குடும்பத்துக்கும் பகை. எல்லாவற்றுக்கும் மேலாக, "நீ ஏன் அந்த நேரத்தில் அந்த வழியாகப் போனாய்?" என்ற கேள்வி வீட்டிலேயே முதலில் வரும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பல பிள்ளைகள் தாயிடம்கூடச் சொல்வதில்லை.

செலவு யார் கணக்கில்?

ஒரு தாயின் கணக்கைப் பார்ப்போம். மகளுக்கு வகுப்பு மாலை 5 மணிக்கு முடிகிறது. சந்தியில் பயம் என்பதால் தாய் போய்க் கூட்டிவர வேண்டும். அதற்காக அவள் மலையிலிருந்து முன்னதாகவே இறங்குகிறாள். கேட்ட கிலோ நிறையவில்லை. அரைப்பேர்தான் விழுகிறது. இப்படி வாரத்தில் இரண்டு நாள் நடந்தால் சம்பளத் துண்டில் எவ்வளவு குறையும் என்று கொழுந்து எடுக்கும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஓட்டோ பேசி அனுப்பினால் அந்தக் காசும் அதே சம்பளத்திலிருந்துதான் போகிறது. இரண்டும் முடியாத வீட்டில் வகுப்பு நிற்கிறது.

வகுப்பு நின்ற பிள்ளை உயர்தரம் எழுதாமல் போகலாம். ஆசிரியையாகவோ, தாதியாகவோ, கிராம உத்தியோகத்தராகவோ வந்திருக்க வேண்டியவள் பதினேழு வயதில் வீட்டுக்குள் இருப்பாள், அல்லது யாருக்கும் தெரியாத வீட்டில் வேலைக்குப் போவாள். சில வீடுகளில் "பாதுகாப்புக்காக" என்று அவசரமாகக் கல்யாணம் பேசி முடிப்பார்கள். டவுனில் கிடைத்த வேலையைக் கடைசி பஸ்ஸுக்குப் பயந்து விட்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். சந்தியில் நின்றவனுக்கு ஐந்து நிமிடச் சிரிப்பு. அதற்கு அந்தக் குடும்பம் ஒரு தலைமுறை முன்னேற்றத்தைக் கொடுத்து விலை கட்டுகிறது.

பிள்ளையை வீட்டில் நிறுத்தும் பெற்றோரைக் குறை சொல்வது எளிது. அவர்கள் பயத்தில் அப்படிச் செய்கிறார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் பிள்ளையை நிறுத்துவதால் சந்தி திருந்துவதில்லை. தண்டனை தவறு செய்யாதவளுக்குக் கிடைக்கிறது, வழி தவறு செய்தவனுக்குக் கிடைக்கிறது. இதைத் தனி ஒரு தாயால் மாற்ற முடியாது. பத்து லயத்துத் தாய்மார் சேர்ந்தால் மாற்றலாம். அப்படிச் சேர்ப்பதற்குத்தான் சங்கம் என்று பெயர்.

இது சங்கத்தின் வேலையா?

"இதெல்லாம் குடும்ப விசயம், சங்கம் ஏன் தலையிட வேண்டும்?" என்று சில தோழர்கள் கேட்கலாம். அவர்களுக்கு மூன்று பதில்கள்.

முதலாவது, தோட்டத் தொழிலாளரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பெண்கள். அவர்களுடைய சம்பளத்திலிருந்தும் மாதா மாதம் சந்தா வெட்டப்படுகிறது. சந்தா கட்டுபவருக்கு வேலைக்குப் போகும் வழியில் இருக்கும் பிரச்சினை சங்கத்தின் பிரச்சினை இல்லை என்றால் வேறு எது சங்கத்தின் பிரச்சினை?

இரண்டாவது, வழக்கம் என்று சொல்லப்பட்டவற்றை மாற்றியதே நம் சங்கங்களின் வரலாறு. 1930களில் கோ. நடேசய்யரோடு சேர்ந்து மீனாட்சியம்மாள் மக்கள் நடுவே பாட்டுப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். ஒரு பெண் வெளியில் வந்து பாடுவதையும் பேசுவதையும் பலரும் ஏற்காத காலம் அது. 1984ஆம் ஆண்டு வரை ஒரே மலையில் வேலை செய்த ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். அதுவும் வழக்கம்தான். போராடிய பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது. இன்று யாராவது பழைய வழக்கத்துக்குப் போவோம் என்று சொன்னால் சிரிப்போம். சந்திச் சேட்டையையும் ஒரு நாள் நம் பேரப்பிள்ளைகள் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, உலகத் தொழிலாளர் இயக்கம் இதை ஏற்கனவே தொழிலாளர் பிரச்சினையாக ஏற்றுக்கொண்டுவிட்டது. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜெனீவாவில் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 190ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. வேலை உலகில் வன்முறையையும் தொந்தரவையும் ஒழிப்பதற்கான சமவாயம் அது. வேலை செய்யும் இடத்தில் நடப்பதை மட்டும் அது பேசவில்லை. சம்பளம் வாங்கும் இடம், சாப்பிடும், இளைப்பாறும் இடம், கழிப்பறை, தொழில் கொடுப்பவர் தரும் தங்குமிடம், வேலைக்குப் போய் வரும் வழி ஆகிய எல்லாவற்றையும் அது சேர்த்துச் சொல்கிறது. இதை நம் தோட்டத்தோடு பொருத்திப் பாருங்கள். தோட்டம் தந்த லயம் அதில் அடங்குகிறது. லயத்திலிருந்து மலைக்குப் போகும் பாதையும் அடங்குகிறது. ஆகவே, "அது தோட்டத்துக்கு வெளியே நடந்தது" என்று சொல்லி நிர்வாகம் கையைக் கழுவிவிடக் கூடாது. நம் நாட்டுச் சட்டங்களும் கூட்டு ஒப்பந்தமும் இந்தச் சமவாயம் சொல்லும் அளவுக்கு முழுமையாக வர வேண்டும் என்பது நமது கோரிக்கையாக இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றம் என்கிறது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இப்பிரிவை இப்போதுள்ள வடிவத்துக்குக் கொண்டுவந்தது. உடம்பில் கை வைத்தால் மட்டும் குற்றம் என்று நினைக்க வேண்டாம். வார்த்தையாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு கொடுத்தாலும் இந்தப் பிரிவில் குற்றம்தான். குற்றம் நிரூபிக்கப்பட்டால் 5 வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படியும் நீதிமன்றம் உத்தரவிடலாம். அதிகாரத்தில் இருப்பவர் வேலைத்தலத்திலோ வேறு இடத்திலோ விருப்பமில்லாத பெண்ணிடம் இப்படி நடந்துகொள்வதும் இதே குற்றம் என்று அந்தப் பிரிவின் விளக்கம் சொல்கிறது. கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை யாராக இருந்தாலும் இதில் விலக்கு இல்லை.

மொழிக்குப் பயப்பட வேண்டாம். தமிழில் முறைப்பாடு கொடுக்க நமக்கு உரிமை உண்டு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, வாயால் சொல்லும் முறைப்பாட்டைச் சொன்ன மொழியிலேயே எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், முறைப்பாட்டாளர் விரும்பும் மொழியில் அவரையே எழுதித் தரும்படி பொலிஸ் கேட்க வேண்டும். ஆகவே வீட்டிலேயே தமிழில் தெளிவாக எழுதிக்கொண்டு போவது நல்லது. வாசித்துக் காட்டாமல், விளங்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

முறைப்பாடு கொடுத்த பிறகு மிரட்டினால் அது தனிக் குற்றம். பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாப்பதற்கென்றே 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

நம் வீட்டுப் பையன் என்றால்?

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும்.

சந்தியில் நிற்பவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் அல்ல. பலர் நம் லயத்துப் பையன்கள். நம் அங்கத்தவரின் பிள்ளைகள். சில நேரம் நம் அங்கத்தவர்களே. டவுன்காரன் ஒருவனோ, வேறு இனத்தவன் ஒருவனோ நம் பிள்ளையைச் சீண்டினால் உடனே தோட்டமே கொதிக்கிறது. அதையே நம் தோட்டத்துப் பையன் செய்தால், "வயசுப் பையன், விடுங்க" என்கிறோம். பிள்ளைக்கு ஏற்படும் பயம் இரண்டிலும் ஒன்றுதான். இனத்தைப் பார்த்துக் கோபப்படுபவர்கள் உண்மையில் அந்தப் பிள்ளைக்காகக் கோபப்படவில்லை.

முறைப்பாடு பொலிசுக்குப் போனதும் என்ன நடக்கிறது? பையனின் தகப்பன் தோட்டத் தலைவரைத் தேடி ஓடி வருகிறார். "தலைவரே, நீங்க ஒரு வார்த்தை பேசுங்க, சமாதானமா முடிச்சிடலாம்" என்கிறார். தலைவரும் பொலிசுக்குப் போய்ப் பேசுகிறார். அடுத்து கோயிலடியில் கூட்டம் போடுவார்கள். பையன் மன்னிப்புக் கேட்பான். ஒரு தொகை தண்டம் விதிக்கப்படும். பிள்ளையிடம், "நீயும் கொஞ்சம் பார்த்து நடந்துக்கம்மா" என்று சொல்லி அனுப்புவார்கள். கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் ஆண்கள். பிள்ளை ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாள். மறுநாள் அவள் அதே வழியில் நடக்க வேண்டும். முன்பு இருந்ததைவிட இப்போது பயம் கூட.

தலைவர்மாருக்கு இந்த இதழ் வைக்கும் வேண்டுகோள் இதுதான்: குற்றம் சாட்டப்பட்டவருக்காகப் பொலிசில் பரிந்து பேசப் போகாதீர்கள். அவருக்கும் சட்டப்படி உரிமைகள் உண்டு, அவர் தன் பக்கத்தைச் சொல்லட்டும், சட்டத்தரணி வைக்கட்டும். ஆனால் சங்கத்தின் பெயரையும் தலைவரின் செல்வாக்கையும் அவர் கேடயமாகப் பிடிக்க விடாதீர்கள். முறைப்பாடு கொடுக்கத் துணிந்த பெண்ணோடு போய் நில்லுங்கள். இதில் வாக்குப் போகும், அங்கத்தவர் குறைவார்கள் என்று பயப்பட வேண்டியதில்லை. தம்மைக் காப்பாற்றிய சங்கத்தைப் பெண்கள் விட்டுப் போக மாட்டார்கள்.

ஒவ்வொரு தோட்டத்திலும் செய்ய வேண்டியவை

1. தோட்டக் கமிட்டி கூடும்போது பெண்களோடு சேர்ந்து வழியை ஒரு முறை நடந்து பாருங்கள். எந்த வளைவில் பயம், எந்த இடத்தில் விளக்கு இல்லை, எங்கே காடு வளர்ந்திருக்கிறது என்று பெண்கள் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். பாடசாலைப் பிள்ளைகளையும் கேளுங்கள். அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

2. அந்தப் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். காடு வெட்டுவது, மலைக்குப் போகும் பாதையைத் திருத்துவது, கொழுந்து நிறுக்கும் இடத்தில் நடப்பவற்றை நிறுத்துவது ஆகியவை நிர்வாகத்தின் பொறுப்பு. இவற்றைத் துரைக்குக் கடிதமாகக் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் அது காற்றோடு போய்விடும்.

3. ரோட்டு விளக்கும் பஸ் தரிப்பிடமும் பிரதேச சபையிடம் கேட்க வேண்டியவை. தோட்டம் தனியார் இடம், அங்கே நாங்கள் வேலை செய்ய முடியாது என்று சபைகள் சொல்லி வந்த காலம் இருந்தது. 2018ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களிலும் சபைகள் சேவை செய்ய வழி திறக்கப்பட்டுவிட்டது. நாம் வாக்குப் போட்டு அனுப்பிய உறுப்பினர்களிடம் இதை எடுத்துச் சொல்லிக் கேளுங்கள்.

4. தோட்டக் கமிட்டியில் இந்த விடயத்துக்கென்று இரண்டு பெண்களைப் பொறுப்பாக நியமியுங்கள். பிள்ளைகள் கூச்சப்படாமல் போய்ப் பேசக்கூடியவர்களாக அவர்கள் இருக்க வேண்டும். சொல்லப்படும் விடயத்தைத் திகதி, நேரம், இடத்தோடு ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். பெண்ணின் விருப்பம் இல்லாமல் அவள் பெயர் கமிட்டியைத் தாண்டக் கூடாது. மாதர் சங்கம் என்றால் மகளிர் தினத்துக்குக் கோலம் போடுவதும் மேடையில் மாலை போடுவதும் மட்டும் என்றிருந்தால் அது போதாது.

5. இ.போ.ச. பஸ் என்றால் டிப்போவுக்கும், மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ் என்றால் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபைக்கும் சங்கத்தின் கடிதத் தாளில் எழுதுங்கள். வகுப்பு விடும் நேரத்துக்குப் பஸ் இல்லை என்பதையும் அதில் சேர்த்து எழுதுங்கள். ஒரு மணி நேரம் சந்தியில் காத்து நிற்க வேண்டியிருப்பதும் பிள்ளைகளை ஆபத்தில் விடுகிறது.

6. தோட்டத்து ஓட்டோ சாரதிகளையும் இளைஞர் கழகத்தையும் விளையாட்டுக் கழகத்தையும் அழைத்துப் பேசுங்கள். அவர்களில் பெரும்பாலானோர் நல்ல பிள்ளைகள். பேசாமல் சிரித்துக்கொண்டு நிற்பவர்கள் பேசத் தொடங்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பெண்களுக்கு

தங்கைகளே, தாய்மாரே, நடந்ததில் உங்கள் தவறு எதுவும் இல்லை. பஸ்ஸில் யாராவது உரசினால் சத்தமாகச் சொல்லுங்கள். "அண்ணே, தள்ளி நில்லுங்க" என்று மரியாதையாகச் சொன்னாலே போதும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவனுக்குப் பயமே அதுதான். சத்தம் போட முடியாத நிலை என்றால் பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் சொல்லுங்கள். பஸ்ஸின் இலக்கம், ஓடும் பாதை, நேரம் ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வையுங்கள். டிக்கெட்டை எறியாதீர்கள். போனுக்கு வந்த செய்தியை அழிக்காதீர்கள். யார் பார்த்தார்கள் என்பதை மறப்பதற்குள் குறித்துக்கொள்ளுங்கள். முறைப்பாட்டுக்கு இவைதான் பலம்.

பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பிள்ளைகளுக்கு 1929. உடனடி ஆபத்தென்றால் பொலிஸ் 119. இந்த மூன்று இலக்கங்களையும் பிள்ளைக் காம்பராவிலும், கொழுந்து நிறுக்கும் இடத்திலும், கோயிலடியிலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். அவர்களிடம் போவதற்கு யாருடைய சிபாரிசும் தேவையில்லை.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறோம். பிள்ளை வந்து சொன்னால், "நீ ஏன் போனாய்?" என்று கேட்காதீர்கள். "யார் அவன்? எந்த இடத்தில்?" என்று கேளுங்கள். முதல் கேள்வி பிள்ளையின் வாயை மூடிவிடும். இரண்டாவது கேள்வி அவளுக்குப் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று காட்டும்.

இளைஞர்களுக்கு

தம்பிமாரே, உங்கள் பாடு எங்களுக்குத் தெரியும். வேலை இல்லை, போக இடம் இல்லை, விளையாட மைதானம் இல்லை, சந்திதான் இருக்கிறது. சந்தியில் நிற்க உங்களுக்கும் உரிமை உண்டு. அந்த வழியாகப் பயமில்லாமல் போக உங்கள் தங்கைக்கும் உரிமை உண்டு. "உனக்கு அக்கா தங்கை இல்லையா?" என்று எல்லோரும் கேட்பார்கள். அக்கா தங்கை இல்லாதவனுக்கும் இது தவறுதான். அவளும் உன்னைப் போல ஒரு மனுசி, அவள் வழியில் அவள் போகிறாள், அவ்வளவுதான். உன் கூட்டாளி விசில் அடித்தால், "விடுடா, புள்ள போகட்டும்" என்று நீ சொல். இந்த வேலைக்குப் பொலிசும் தேவையில்லை, சட்டமும் தேவையில்லை.

தோழர்களே, சம்பளம் கூடினால் அந்தச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்றுதான் நாம் ஒவ்வொரு முறையும் ரோட்டுக்கு இறங்குகிறோம். அந்தப் பிள்ளை பாடசாலைக்குப் போகும் ரோட்டில் பயம் இருந்தால் கூடிய சம்பளத்தால் என்ன பயன்? அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுங்கள். பெண்களைப் பேச விட்டு, பேசியதை எழுதுங்கள். எழுதியதைத் துரையிடமும் பிரதேச சபையிடமும் கொண்டுபோய்க் கொடுங்கள். பதில் வராவிட்டால் சங்கக் காரியாலயத்துக்கு அறிவியுங்கள்.

நம் பிள்ளைகள் வகுப்புக்குப் போகட்டும். வழியை நாம் சரி செய்வோம்.